கொட்டு இல்லாமல் வந்த சாமி

1

இன்று காலை எங்கள் தெரு வழியாக ஃபாஸ்நெட் ஊர்வலம் போனது. தவக்காலம் தொடங்கும் முன் இந்தப் பக்கத்து ஜெர்மானியர்கள் மர முகமூடி மாட்டி, இடுப்பில் மணி கட்டி, பெரிய மேளங்களை அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். குளிர்காலத்தை விரட்டுகிறார்களாம். மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நான் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமலே, "தொறந்தே கெடக்கட்டும்" என்றார்.

திறந்துவிட்டு, அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கத்தி சீராகப் போய்க்கொண்டிருந்தது. ஊர்வலம் சன்னலுக்குக் கீழே வந்தது, சத்தமாக அடித்தது, கடந்து போனது. வெங்காயமும் முடிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காத ஒரு காலை என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. அது ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டுமானால் போன வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லவே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசிக்கொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

2

அவர் பெயர் சுடலைமுத்து. முக்கூடலுக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர். அவர்கள் குடும்பத்துச் சாமி சுடலைமாடன். அந்தக் கோயிலில் சாமியாடுவது அவர்கள் வீட்டு உரிமை. அப்பாவுக்குப் பிறகு மூத்தவர் மாடசாமி மேல்தான் சாமி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். அது அவரை விட்டுவிட்டு, பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த தம்பி மேல் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பும் குல்லாயும் கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் பிடித்து ஆடுவது இவர்தான். மற்ற நாட்களில் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் இயந்திர வரைபடம் போடுகிற வேலை.

நான் பாளையங்கோட்டைக்காரி. அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குள் இருக்கும், ஆள் மேல் வராது. கல்யாணமாகி முதல் கொடையில் இவர் கண்ணைப் பார்த்துப் பயந்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பெரியத்தான் பக்கத்தில் வந்து நின்றார். இவருடைய அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். "பயப்படாத தாயி. கொட்டு நின்னா சாமி மலையேறிரும். பொறவு அவன் உன் வீட்டுக்காரன்தான்" என்றார்.

அப்படியேதான் நடந்தது. மேளம் நின்றது. இவர் சரிந்து உட்கார்ந்தார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார், என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை. கொடைக்கு மறுநாள் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். வருஷம் முழுவதும் சேர்ந்த பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருப்பார். அந்த முகத்துக்காகவே நான் கொடையை எதிர்பார்த்ததுண்டு.

பிறகு ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வந்துவிட்டோம். மகளுக்கு அப்போது நாலு வயது. பேச்சியம்மன் பேரைத்தான் வைத்திருந்தோம், பேச்சியம்மாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஏழாம் வகுப்பில் அவளே 'பியா' என்று மாற்றிக்கொண்டாள். நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்கட்டு வேலைக்குப் போகிறேன். இங்கே வந்த புதிதில் கொடைக்கு ஒழுங்காகப் போய்வந்தோம். போகப்போக விடுப்பு ஒத்துவரவில்லை, பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. சில வருஷங்கள் போகாமலே கழிந்தன.

3

போன வருஷம் குளிர்காலத்தில் இவர் கம்பெனி ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தது. இவர் பிரிவு வேலை முழுக்கப் புனேவுக்குப் போகப் போகிறது என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. இவரே புனேயில் இருக்கும் பையன்களுக்குத் தினமும் கணினியில் வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும். கிளி சோசியம் மாதிரி ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் பேர் வரும். இவருக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு போயிற்று. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ஃபாஸ்நெட் வந்தது. மூன்று பேரும் கடைத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேளம் நெருங்க நெருங்க இவர் தோள் குலுங்கியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கையைப் பிடிப்பதற்குள் ஊர்வலத்துக்குள் போய்விட்டார். முகமூடிக்காரர்களுக்கு நடுவே, கோட்டும் கழுத்துத் துணியுமாக, எங்கள் ஊர்க் கோயில் முன்னால் ஆடுவது போலவே ஆடினார். யாரும் திடுக்கிடவில்லை. கை தட்டினார்கள். சூனியக்காரி வேஷம் போட்ட ஒருவர் அவர் தலையில் காகிதப் பூவைத் தூவினார். மகள் மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள். மேளம் கடந்து போனதும் ஓரமாக வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். முகத்தில் அந்தப் பழைய தெளிச்சி. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. விடுமுறையாதலால் மகள் வீட்டில் இருந்தாள், நான் வேலைக்குப் போயிருந்தேன். காலை வேளை. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிற குளிர். இவர் சட்டையில்லாமல் பால்கனியில் நின்று, தரை துடைக்கும் கம்பை வல்லயம் போலப் பிடித்துக்கொண்டு, கீழே முற்றத்தில் நடப்பவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். "ஆறு வருது. எல்லாரும் மேட்டுக்குப் போங்க." தமிழில்தான். கீழே நின்றவர்களுக்கு என்ன விளங்கும்? கையைக் காட்டியும் நகரவில்லை என்று நாற்காலியைப் போட்டு ஏறியிருக்கிறார். நாங்கள் இருப்பது நான்காவது மாடி.

மகள் எனக்கு போன் பண்ணியிருக்கிறாள். வேலை நேரத்தில் எங்கள் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். பதினைந்து வயதுப் பிள்ளை, ஒரு கையால் அப்பாவின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவசர எண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் வந்து சேர்ந்தபோது வண்டி போய்விட்டது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "போலீஸும் வந்தாங்க, அம்மா. அப்பா என்னப் பாத்து, யாரு கூப்பிட்டான்னு கேட்டாரு" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை.

4

மனநல மருத்துவமனையில் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடமாட்டார்கள், விதி. எனக்குத் தெரிந்த ஜெர்மன் காய்கறிக்கும் கஞ்சிக்கும் போதுமானது, இதற்குப் போதாது. இவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தைகூட ஜெர்மன் பேச மறுத்தார். அதனால் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். குரலை வைத்துப் பார்த்தால் நடுத்தர வயதுப் பெண், இலங்கைத் தமிழ்.

டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. குரல்கள் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டார்.

"கேக்கும். கொடை அன்னைக்குக் கேக்கும்" என்றார் இவர்.

போனில் அந்த அம்மா அதை எப்படியோ ஜெர்மனில் சொல்லிவிட்டு எங்களிடம் திருப்பிக் கேட்டார். "கொடை எண்டா என்ன? காசு குடுக்கிறதோ?"

அதற்குள் ஏதோ தானம் கொடுக்கும் நாளில் குரல் கேட்கிறது என்று டாக்டர் எழுதிக்கொண்டுவிட்டார். நான் இடையில் புகுந்து கோயில், மேளம், சாமி வருவது என்று சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் குரல் மாறியது. "விளங்குது, விளங்குது. எங்கட ஊரில உரு வாறது எண்டு சொல்லுவினம்" என்றார். விளங்கியது எங்கள் இரண்டு பேருக்குத்தான். அதை ஜெர்மனில் சொல்ல அவரிடமும் வார்த்தை இல்லை. நான் பிறகு அகராதியில் தேடினேன். அங்கே இருந்த சொல் பிசாசு பிடித்தவனுக்கான சொல். நல்லது வந்து இறங்குவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "அந்தக் கடவுள் கூப்பிடாமலும் வருவாரா? வந்தால் போய்விடுவாரா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

போனை வைக்கும் முன், விதியை மீறி, அந்த அம்மா எனக்கென்று ஒன்று சொன்னார். "அம்மாளாச்சி கைவிட மாட்டா, தங்கச்சி. மருந்தையும் விட்டுடாதேங்கோ."

மறுநாள் வார்டுக்கே ஒரு நீதிபதி வந்தார். ஒருவரைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டுமானால் நீதிபதி நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். சாதாரண கோட்டு போட்டு, சைக்கிள் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். கோர்ட் குமாஸ்தா மகளான எனக்கு இப்படி ஒரு நீதிபதியைப் பார்த்தது கனவு போல இருந்தது. இவர் எழுந்து கும்பிட்டார். விருப்பப்பட்டு இங்கே இருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "ஐயா சொன்னா இருக்கேன்" என்றார். போனில் அது அப்படியே ஜெர்மனில் போயிற்று. நான் சொல்வதற்கில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் நீதிபதி. இவர் திரும்பவும், "ஐயா பாத்துச் சொன்னாச் சரி" என்றார். இரண்டு மரியாதையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. மூன்றாவது முறை கேட்டபோது இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "இருக்கேன்" என்றார், ஜெர்மனில்.

5

பெரியத்தானிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்துவிட்டுத்தான் போன் செய்தேன். கொடைக்கு வராததால் சாமிக்கு வந்த கோபம் என்று சொல்வார், டாக்டரை விட்டுக் கூட்டிக்கொண்டு வா என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"தம்பி இப்ப என்ன செய்யுதான்?"

தூங்குகிறார் என்றேன்.

"பால்கனில நின்னப்போ, கொட்டு இல்லாமலா வந்துச்சு?"

"ஆமா, பெரியத்தான்."

"மலையேறவும் இல்லியோ?"

"இல்ல."

பிறகு சொன்னார்: "அப்போ அது நம்ம சாமி இல்ல, தாயி. நம்ம சாமி கொட்டுக்கு வரும், கொட்டு நின்னாப் போயிரும். வேற என்னமோ நம்ம சாமி பேரச் சொல்லிக்கிட்டு வந்திருக்கு. அந்த டாக்டரு பாக்கட்டும்."

டாக்டரம்மா கேட்டதும் பெரியத்தான் கேட்டதும் ஒரே கேள்விதான் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்ற எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் கால் ஊன்றியது.

ஊரில் எல்லோரும் பெரியத்தான் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் செல்வி என்று ஓர் அக்கா இருந்தாள். கல்லூரியில் படிக்கும்போது திடீரென்று பேச்சு நின்றது. கோயில், சர்ச், தர்கா என்று கூட்டிக்கொண்டு அலையாத இடமில்லை. நாங்கள் தினம் பஸ்ஸில் கடக்கிற பெரியாஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. போனால் மாப்பிள்ளை கிடைக்காதாம். ஒரு கோயிலில் மாதக்கணக்கில் தூணோடு கட்டிப்போட்டு வைத்திருந்து, பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இன்றும் அந்த வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறாள். கணுக்காலில் தழும்பு இருக்கிறது. மாப்பிள்ளை வரவில்லை.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி தினமும் சாப்பாட்டு மேசையில் காலியான நாற்காலியைப் பார்த்து மாதாவோடு பேசுவார். ஒரு கோப்பை கூடுதலாக வைக்கச் சொல்வார். நர்சுகள் வைக்கிறார்கள், பக்தி மிகுந்தவர் என்கிறார்கள். அவரும் தன் பாட்டில் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், தூங்குகிறார். எது நோய், எது பக்தி என்பதை எந்த ஊரிலும் சாமியைப் பார்த்து முடிவு பண்ணுவதில்லை. ஆள் அதன் பிறகு எப்படி இருக்கிறார் என்று பார்த்துத்தான் பண்ணவேண்டும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

6

பனி உருகுகிற சமயத்தில் வீட்டுக்கு வந்தார். காலையும் இரவும் மாத்திரை. உடம்பு ஊதியது, கை நடுங்கியது, டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடித்தார். ஆனால் தூங்கினார். அவர் பிரிவை மூடிவிட்டார்கள். சீக்கிரத்தில் வேறொரு பிரிவில், முதலில் கொஞ்ச நேரம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாக வேலைக்குத் திரும்ப ஏற்பாடு செய்தார்கள். அதற்கு அலைந்த அலுவலகங்களை எழுதினால் தனிப் புராணம்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது பார்ப்பேன், குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். பால்கனிக் கதவின் சாவி என் இடுப்பில். அவருக்கும் தெரியும்.

மகளோடு அவர் விருந்தாளியோடு பேசுவது போல மரியாதையாகப் பேசினார். அவள் ஜெர்மனில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். யார் கூப்பிட்டது என்பதை அவர் மறுபடி கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அது சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தது. ஒருநாள் பாத்திரம் துடைக்கும்போது, "அம்மா, எனக்கும் வருமா?" என்று கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சாமியைச் சொல்வதாக எடுத்துக்கொண்டு பெருமைப்படுவார்கள். இங்கே அவள் கணினியில் பரம்பரை நோய் என்று படித்துவிட்டும் கேட்டிருக்கலாம். தெரியவில்லை என்றேன். இரண்டுக்கும் அதுதான் பதில்.

7

ஆடிக் கொடைக்குப் போகவேண்டும் என்று அவர்தான் சொன்னார். டாக்டரம்மாவிடம் கேட்டோம். போய்வாருங்கள், மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். மாத்திரை போட்டால் சாமி வருமா என்று இவர் கேட்டார். "எனக்குத் தெரியாது. நீங்கள்தான் வந்து எனக்குச் சொல்ல வேண்டும்" என்றார்.

கொடையன்று காலையில் முற்றத்தில் வைத்து, எல்லோரும் பார்க்க, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். சொந்தத்தில் ஒரு சித்தப்பா, "இன்னைக்கு ஒரு நா விடக்கூடாதாவே? இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்க. சனம் காத்துக் கெடக்குல்லா" என்றார். இவர் விடமாட்டேன் என்றார். கூட நின்ற சொந்தக்காரர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

உச்சிவேளைப் பூசை. சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, வல்லயத்தோடு கோயிலுக்கு முன் நின்றார். நையாண்டி மேளம் தொடங்கியது. சாமி வந்தால் போகுமா என்று எனக்கு ஒரு பயம். வராவிட்டால் இவர் தாங்குவாரா என்று இன்னொரு பயம். பெண்கள் பக்கத்தில் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேளம் ஏறியது. இவர் அசையவில்லை. மேளக்காரர்கள் தாளத்தை மாற்றினார்கள். பெரியத்தான் சூடத்தைக் காட்டினார். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். வேர்வையும் மஞ்சளும் வழிய, கண்ணை மூடி, யாரோ வரவேண்டிய பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்றார். மேளம் இன்னும் ஏறியது. பெண்கள் போட்ட குலவை ஓய்ந்துபோயிற்று. ஒரு கட்டத்தில் கண்ணைத் திறந்து, தானே குல்லாயைக் கழற்றினார்.

"வரல, அண்ணே. அடிக்கத நிறுத்தச் சொல்லு. அவங்களுக்கும் கை வலிக்கும்லா."

கொட்டு நின்றது. சித்தப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியத்தான் தம்பியிடமிருந்து வல்லயத்தை வாங்கிச் சாத்தி வைத்தார். பிறகு திருநீற்று மரவைக் கிண்ணத்தை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

"வராட்டா என்னலே. இந்தக் கோயிலுக்குத் திருநீறு குடுக்கவன் நீதான்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் குனிந்து, முதல் ஆளாகத் தம்பி முன்னால் நெற்றியைக் காட்டினார். அவரைப் பார்த்து ஊர் வரிசையில் வந்தது. சிலர் வராமல் போனார்கள். நடுங்கும் கையால், சாமியாக இல்லாமல் சுடலைமுத்துவாக, வந்தவர்களுக்கெல்லாம் பூசினார்.

சாயங்காலம் ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் படித்துறையின் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. இவர் துண்டோடு இறங்கப் போனார். மகள் பின்னாலேயே போய் நின்று, வழி முழுக்கச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த தமிழில் கேட்டாள்:

"அப்பா, நான்தான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணேன். அதனாலயா சாமி வரல?"

அவர் திரும்பினார். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"சாமி வராட்டா ஊருக்கு இன்னொருத்தன் கெடைப்பான், மக்களே. நீ போன் பண்ணலேன்னா நான் வந்திருக்க மாட்டேம்லா."

செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். பாசி வழுக்கும், பைய, பைய என்று அவர் சொல்வது கேட்டது.

நான் மாற்றுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.